இடது காலுக்கு ஜோடி எது?

அப்பாவின் விரல் தயங்கவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

மன்னிக்க வேண்டும். வணக்கம் சொல்லாமலே விஷயத்துக்குள் குதித்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் எட்டு நிமிடம் வணக்கம் சொன்னார்கள், இரண்டு நிமிடம் விஷயம் சொன்னார்கள். நான் வரிசையைக் குழப்பிவிட்டேன். இதோ, சரிசெய்கிறேன்.

இந்தப் புத்தக வெளியீட்டு அவைக்குத் தலைமை தாங்கி, தலை நிமிர்ந்து அமர்ந்து, கைக்கடிகாரத்தை மட்டும் தலை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! மூளையின் முடுக்குகளை எல்லாம் அறிந்தும், இந்த மைக்கின் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று அறியாமல் ஐந்து நிமிடம் போராடிய நரம்பு மருத்துவர் அவர்களே! என்னை இந்த மேடையில் ஏற்றிவிட்டு, நான் இறங்கி ஓடிவிடாதபடி படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தெரபிஸ்ட் அக்கா அவர்களே! காலணிப் பட்டறையை அரை நாள் பூட்டிய பெருமனத்துக்காரர், எங்கள் முதலாளி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! ஆமாம், இரண்டாவது கூட்டம்தான் பெரியது, தெரிகிறது. எல்லாருக்கும் மேலாக, சோதனை அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து வேர்த்து விறுவிறுத்துப் போன இருநூற்று நாற்பது நல்ல மூளைக்காரர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

இப்போது அப்பாவின் விரலுக்கு வருகிறேன்.

அப்பா பதினெட்டு வருடம் எங்கள் பட்டறையில் தோல் வெட்டும் மிஷினில் நின்றவர். மேலிருந்து இரும்புத் தட்டு இறங்கும். கீழே தோல் இருக்கும். நடுவில் கை இருந்தால், நீ தோலா கையா என்று அந்த மிஷின் விசாரிக்காது. போன வருடம் ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் வழி தவறிவிட்டது. மூன்று மாதத்தில் நடந்தார், பேசினார், அம்மாவோடு சண்டையும் போட்டார். அம்மாவே சொன்னாள்: "சரியாயிட்டாரு, மிஷினுக்கு அனுப்பிடலாம்."

முதலாளி அவர்களே, நீங்கள் அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? "ஆஸ்பத்திரியில ஒரு காகிதம் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம மிஷின் பக்கம் வராதீங்க." சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வெந்ததோ இல்லையோ, அந்தக் காகிதம் வெந்துகொண்டே இருந்தது. அப்பாவுக்குக் கனவிலும் மிஷின், கஞ்சியிலும் மிஷின்.

காகிதத்துக்காக, அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி அறைக்குப் போனோம். அங்கே ஒரு சோதனை. கண் சோதனை இல்லை. கண் நன்றாகப் பார்க்கும், ஆனால் பார்த்ததை மூளை சரியாகப் படிக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அது ஏன் வேண்டும்? மூளை சரியாகப் படிக்காதவருக்குச் சட்டையில் எந்தக் குழாய்க்குள் எந்தக் கை என்று குழம்பும். தட்டில் பாதிச் சாப்பாடு கண்ணுக்கே படாது. வெளியில் இருந்து பார்த்தால் ஆள் ராஜா மாதிரி இருப்பார். அதனால்தான் சோதனை.

மொத்தம் நான்கு பகுதி. அதில் ஒன்று அட்டை. மேலே ஒரு வடிவம். கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு வடிவங்கள். தெரபிஸ்ட் அக்கா புத்தகத்தில் இருந்தபடியே வாசித்தார்: "மேல இருக்கிறதுக்கு ஜோடி எது? தொட்டுக் காட்டுங்க."

அப்பா தொட்டார். டக்கென்று தொட்டார். பன்னிரண்டு அட்டை, பன்னிரண்டு தொடுதல், பன்னிரண்டும் தப்பு.

தப்புச் செய்கிறவர் எப்படிச் செய்வார்? தடவுவார், தடுமாறுவார், நம் முகத்தைப் பார்ப்பார். எட்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து தப்பு விடை எழுதியவள் சொல்கிறேன், அந்தக் கலையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு! அப்பாவின் விரல் தயங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால்கூட மூன்று சரியாக வந்திருக்கும். பன்னிரண்டையும் தப்பாகச் செய்ய வேண்டும் என்றால், சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமே!

இதை அங்கேயே சொன்னாயா என்று கேட்காதீர்கள். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நான்கு பகுதியிலும் 'குறை' என்று வந்தது. கடைசியில் கொட்டை எழுத்தில்: இயந்திரப் பணி கூடாது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏம்ப்பா, எல்லாத்துலயும் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி இருக்கிறதையே தொட்டீங்க?"

"ஜோடி கேட்டாங்க, ஜோடியைக் குடுத்தேன்."

"அதே மாதிரி இருக்கிறதைக் கேட்டாங்கப்பா."

"அதே மாதிரி இருந்தா அது எப்படிம்மா ஜோடி? இடது காலுக்கு இன்னொரு இடது காலையா குடுக்க முடியும்? வாங்கிட்டுப் போனவன் நொண்டிக்கிட்டே திரும்பி வந்து, அதாலேயே என்னை அடிப்பான்."

சிரிக்கிறீர்கள். பஸ்ஸில் நானும் சிரித்தேன். நடத்துநர்கூடத் திரும்பிப் பார்த்தார். வீடு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சொல்! ஒரே ஒரு சொல்! சட்டைப் பொத்தானுக்கு ஜோடி என்றால் அதே மாதிரி இன்னொன்று. செருப்புக்கு ஜோடி என்றால் எதிர்ப்பக்கத்து இன்னொன்று. அந்த ஒரு சொல்லில் பதினெட்டு வருடத்துக் கை 'குறை' ஆகிவிட்டது.

மறுநாள் அக்காவின் அறை வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். அதற்கு மறுநாளும் போனேன், திரும்பி வந்தேன். காவலாளி அண்ணன் கேட்டார், "ஏம்மா, கதவு சரியா மூடுதான்னு பார்க்க வந்தியா?" மூன்றாம் நாள் பேச்சை நம்பாமல் ஒரு வேலை செய்தேன். பட்டறையிலிருந்து இரண்டு காலணி எடுத்துப் போய் அக்கா மேசையில் வைத்தேன். இரண்டும் இடது கால்.

"இது ஜோடியாக்கா?" அவ்வளவுதான் கேட்டேன். அதையும் மேசையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அக்கா பார்த்தார். தன் செருப்பைக் கழற்றினார். இரண்டு இடது காலையும் மாட்டிக்கொண்டு அறைக்குள் நாலு அடி நடந்தார். வாத்து நடந்தது மாதிரி இருந்தது. அப்புறம் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இந்தப் புத்தகத்தைத் தமிழ்ல மாத்தினது நான்தான். 'ஜோடி'ன்னு எழுதினதும் நான்தான்."

அன்று மாலையே அட்டைப் பெட்டியோடு பட்டறைக்கு வந்துவிட்டார். எல்லாரும் திடமானவர்கள், பதினான்கு பேர். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: ஜோடி எது? பதின்மூன்று பேர் அப்பா தொட்டதையே தொட்டார்கள்! சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். அவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதாவது, அந்தப் புத்தகத்தின்படி எங்கள் பட்டறையில் மூளை சரியாக இருந்த ஒரே ஆள், வேலையே தெரியாத ஆள்!

கழுத்தில் எப்போதும் அளவு டேப்போடு திரிகிற டேப்பு அண்ணன் பதறிப்போனார். "அப்ப எனக்கும் மூளையில கோளாறா?"

மேல்தோல் தைக்கிற ஊசி அக்கா சும்மா விடுவாரா? "அண்ணி இதைச் சொல்லி எத்தனை வருஷமாச்சு! இப்பதான் எழுத்துல வருது."

அதோ, மூன்றாம் வரிசையில் எழுந்து நின்று கையசைக்கிறார் டேப்பு அண்ணன். உட்காருங்கள் அண்ணே, அண்ணியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு தெரபிஸ்ட் அக்கா சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எடுத்துக் காட்டினார். "குறைன்னு எழுதறதுக்கு ஒரு எல்லை போட்டிருக்காங்க இல்ல, அது யாரை வெச்சுப் போட்டதுன்னு பாரு. அறுபது காலேஜ் பிள்ளைங்க. எல்லாருக்கும் இருபது வயசு. வேற ஊரு, வேற பேச்சு. நல்லா இருக்கிறவங்க இங்க எப்படிச் செய்வாங்கன்னு யாருமே பார்க்கலை. நானும் பார்க்கலை."

அவையோரே! நான் அதிகம் படிக்காதவள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நலமானவர் எப்படிச் செய்வார் என்று தெரியாமல், நலமில்லாதவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மேடு எங்கே என்று தெரியாமல் பள்ளத்தை எப்படிப் பார்ப்பது? இருபது வயதுக்காரர் ஓடும் வேகத்தை எழுதி வைத்துக்கொண்டு, அறுபது வயதுக்காரரை நொண்டி என்று சொல்லலாமா? அளக்கப் போகிறவர் முதலில் தன் கோலை அளக்க வேண்டாமா?

கோலை அளக்கக் கிளம்பினோம். முதலில் 'ஜோடி' போனது. "இதை அப்படியே, திருப்பாம, இதே மாதிரி இருக்கிறதைத் தொடுங்க" என்று வந்தது. அடுத்து, இயல்பான ஆட்கள் வேண்டும். பதினெட்டு முதல் எண்பது வரை எல்லா வயதிலும் வேண்டும். படித்தவர், படிக்காதவர், பாதியில் நின்றவர். தலையில் அடிபட்டிருக்கக் கூடாது, பக்கவாதம் வந்திருக்கக் கூடாது.

"இருபது பேர் போதாதா?" என்று கேட்டார் நம் தலைவர். "போதும் சார், எல்லாரும் உங்களை மாதிரியே இருந்தா" என்றார் அக்கா. தலைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஏழு மாதம்! இருநூற்று நாற்பது பேர்! அக்கா சோதிப்பார், நான் நேரக் கடிகாரத்தை அழுத்துவேன், தாளை எண்ணுவேன். பேச வேண்டியதில்லை, எண்ணினால் போதும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். பேசாமல் இருக்க விட்டார்களா இந்த மக்கள்!

ஒன்றின்மேல் ஒன்றாகக் கத்தரிக்கோல், கரண்டி, கோப்பை வரைந்த படத்தைப் பார்த்து ஒரு காய்கறிக்கார அம்மா கேட்டார், "ஏம்மா, எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா வரைஞ்சு வெச்சிருக்கீங்களே, வேற காகிதம் இல்லையா?" ஒரு வீட்டில் கணவரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மனைவி பதில் சொன்னார். "அம்மா, அவரே சொல்லட்டும்" என்றேன். "அவர் சொல்லி எது சரியா வந்திருக்கு?" என்றார். அந்த அம்மாவை வெளியே அனுப்பி உட்கார வைத்தால், சன்னல் வழியாக விரலைக் காட்டுகிறார்! அந்தத் தாளைக் கிழித்துப் போட்டோம்.

தலைவர் அவர்களும் உட்கார்ந்தார்கள். அவர் எத்தனை வாங்கினார் தெரியுமா? இருங்கள், சம்மதம் இல்லாமல் யாருடைய எண்ணையும் வெளியே சொல்லக் கூடாது, அது விதி. ஐயா, சொல்லட்டுமா? தலையாட்டிவிட்டார். ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்த படத்தில் பத்துக்கு நாலு! கடுமையான குறை! அப்புறம்தான் தெரிந்தது, படிக்கிற கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். கண்ணாடி போட்டதும் பத்துக்கு ஒன்பது. அன்று முதல், கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியோடு வர வேண்டும் என்று ஒரு விதி எழுதினோம். நம் தலைவர் நமக்குத் தந்த கொடை அது. கைதட்டலாம்.

ஆனால் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. படித்தவரும் கேட்டார், படிக்காதவரும் கேட்டார். "பாப்பா, நான் பாஸா ஃபெயிலா?"

மூட்டை தூக்குகிற மாமா ஒருவர். பென்சிலைக் கடப்பாரை மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். அவரும் கேட்டார். நான் சொன்னேன், "இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல மாமா. நீங்க எப்படிச் செய்யறீங்களோ, அதை வெச்சுத்தான் நாங்க அளவு எழுதறோம்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப நான்தான் அளவா?"

"ஆமா மாமா."

அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இன்னொரு பென்சில் கேட்டார், கூர்மையாக.

பெரியோர்களே, தாய்மார்களே! அவரை அளந்தவர் எத்தனை பேர்? எடைக்கல்லால் அளந்தார்கள், எழுத்தால் அளந்தார்கள், எளக்காரத்தால் அளந்தார்கள். அவரை வைத்து அளவு எடுத்தவர் உண்டா? எட்டாம் வகுப்போடு நான் நின்றேன். எனக்குப் பதினெட்டு முடிந்த மறுநாளே அக்கா என்னையும் உட்கார வைத்தார். படம் பார்த்து வரைவதில் பழைய எல்லைக்குக் கீழே போனேன். பழைய கணக்குப்படி எனக்கும் குறை. எங்கள் வீட்டில் விழா எடுக்காத குறை! ஆனால் என்னைப் போலப் பாதியில் நின்றவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். பென்சிலை விட்டுப் பல வருடம் ஆனால் கோடு கொஞ்சம் கோணத்தான் செய்யும். அது மூளைக் கோளாறு அல்ல. பழைய எல்லையை வைத்திருந்தால், நலமான இருநூற்று நாற்பது பேரில் எழுபத்தொரு பேருக்குக் குறை! எழுபத்தொரு பேர்! இன்று வெளியாகும் இந்தச் சிறிய புத்தகத்தில் வயதுக்கு ஒரு பட்டியல், படிப்புக்கு ஒரு பட்டியல். அந்த மூட்டை மாமாவும் ஒரு வரிசையில் இருக்கிறார். பெயர் இருக்காது, ஆனால் இருக்கிறார்.

இந்த இடத்தில் முடித்தால் நன்றாக இருக்கும். கைதட்டலும் நிறைய வரும். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

பட்டியல் தயாரானதும் முதல் ஆளாக அப்பாவை அழைத்து வந்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இப்போது என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும், கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு, ஆனா அழாம சொல்லு, பார்க்கச் சகிக்காது" என்றார்.

அட்டை வந்தது. "இதே மாதிரி இருக்கிறதைத் தொடுங்க." பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எனக்கு நேரக் கடிகாரத்தை நிறுத்தவே மறந்துவிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்த படம் சரி. வரைவது அவர் பட்டியலுக்குள் சரி. கடைசித் தாள். பெரிய தாள் முழுக்கச் சின்னச் சின்ன வடிவங்கள். நட்சத்திரங்களை மட்டும் கோடு போட்டு அடிக்க வேண்டும். அப்பா அடித்தார், பென்சிலை வைத்தார். "முடிஞ்சுது" என்றார். தாள் என்னிடம் வந்தது. எண்ணுவது என் வேலை.

அப்பா வயதில், அப்பா படிப்பில், நலமானவர்கள் அதிகபட்சம் இரண்டை விட்டிருந்தார்கள். அந்த இரண்டு நான் எழுதியது. என் கையால், அத்தனை தாளையும் எண்ணி எழுதியது. அப்பா விட்டிருந்தது ஒன்பது. ஒன்பதும் தாளின் இடது பக்கம்.

முதல் சோதனையிலும் அந்த ஒன்பது இருந்திருக்கிறது. பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு எல்லாமே குறை என்று வந்ததால் எதுவும் குறையாகத் தெரியவில்லை. பன்னிரண்டு பொய்த் தப்புக்குப் பின்னால் ஒன்பது நிஜத் தப்பு ஒளிந்திருந்தது. கோபத்தில் நானும் அதைப் பார்க்கவில்லை. இரண்டு என்று எழுதினால் காகிதம் கிடைக்கும். அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பென்சில் என் கையில் இருந்தது.

"எத்தனைம்மா?"

"ஒன்பதுப்பா."

"நல்லா எண்ணுனியா?"

"ரெண்டு தடவை எண்ணுனேன்." நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "எல்லாம் இடது பக்கம்."

அப்பா தன் இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். வெட்டு மிஷினில் தோலைப் பிடிக்கிற கை அதுதான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நல்லவேளை. இது போயிருந்தா ஜோடிக்கு எங்கம்மா போறது?"

அவையோரே! நான் அளவுகோல் கேட்டது அப்பாவைக் காப்பாற்ற. அது அப்பாவைக் காப்பாற்றியது, நான் கேட்ட விதத்தில் இல்லை. இல்லாத குறையை இருக்கிறது என்று சொல்லாத கோல்தான், இருக்கிற குறையை இருக்கிறது என்று சொல்லும்போது நம்பத் தகுந்த கோல். நமக்குப் பிடித்ததைச் சொன்னால் கொண்டாடுவோம், பிடிக்காததைச் சொன்னால் உடைப்போம் என்றால், அதற்கு இருநூற்று நாற்பது பேர் எதற்கு? நம் மாமாவும் அத்தையும் போதுமே!

அப்பா இப்போது மிஷினில் இல்லை. முடிந்த காலணிகளை இணை சேர்த்துப் பெட்டியில் வைக்கும் மேசையில் இருக்கிறார். மேசையின் இடது ஓரத்தில் அக்கா சொன்னபடி சிவப்புத் தோல் பட்டை ஒட்டியிருக்கிறோம். அந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதுதான் பயிற்சி. வாரம் மூன்று நாள் தெரபி. போன வாரம் விட்டது ஆறு. இரண்டுக்கு வந்தால் மிஷின். வருமா என்று அக்காவிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மருத்துவமனை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள். எழுபது வயதுக்கு மேல் எங்களுக்கு ஏழு பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். முன்வரிசைப் பெரியோர்களே, யாருக்கும் எழுபது ஆகவில்லை என்பது போலப் பார்க்காதீர்கள். வாசலில் அட்டைப் பெட்டியோடு ஊசி அக்கா உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியோடு வாருங்கள், மனைவி இல்லாமல் வாருங்கள்.

பேச வராதவளைப் பேச விட்ட அவைக்கும், எண்ண விட்ட அக்காவுக்கும், பத்துக்கு நாலைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட தலைவருக்கும் என் நன்றி. அப்பா அதோ, நாலாம் வரிசையில். அவருக்கு வலது பக்கத்து நாற்காலியில் என் பை இருக்கிறது. நான் இறங்கிப் போய், அதை எடுத்துக்கொண்டு, அவருக்கு இடது பக்கம் உட்காரப் போகிறேன். வணக்கம்.